குன்னூர் உயரத்தில் சென்னை வேகம்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 43. சொந்த ஊர் மதுரை. பத்து மாதமாக நைரோபியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சென்னையில் இருந்தபோது இரண்டு முறை அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். நேரம் 2 மணி 15 நிமிடம். அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று இங்கேயும் தினமும் காலையில் ஓடுகிறேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 நொடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று கிலோமீட்டருக்குள் மூச்சு முட்டுகிறது. 'உயரம்தான் காரணம், பழகிவிடும்' என்றார்கள், இன்னும் பழகவில்லை. ஜூன் கடைசியில் நடக்கும் லேவா மாரத்தானுக்கு அலுவலகத்தில் பலரும் பெயர் கொடுக்கிறார்கள். நானும் 42 கிலோமீட்டருக்குக் கொடுக்கலாமா? நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அதனால் என் மனைவி 'ஓடவே வேண்டாம்' என்கிறார். மலேரியா மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சி செய்யலாமா? ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
— நைரோபியிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன், எனக்கு அறுபது நெருங்குகிறது. விளையாட்டு மருத்துவராக நைரோபியில் மூன்று வருடம் வேலை பார்த்தவள் என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாரத்தான், மலேரியா, தண்ணீர் எல்லாவற்றையும் விட என் கண் நின்றது 'பத்து மாதம்' என்ற இடத்தில்தான்.

நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கணக்கில் குன்னூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். சென்னையில் ஒரு மூச்சுக்குக் கிடைத்ததில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் நைரோபியில் கிடைக்கும். உடம்பு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. முதல் ஓரிரு நாளிலேயே சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது எலும்பு மஜ்ஜையை முடுக்க, சில வாரங்களில் சிவப்பணுக்கள் கூடும். குன்னூர் உயரத்துக்கு இந்த வேலையெல்லாம் ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்குப் பிறகும் சென்னையில் ஓடிய அளவுக்கு ஓட முடியாதுதான். ஆனால் மூன்று கிலோமீட்டரில் மூச்சு முட்டாது.

ஆகவே எல்லாப் பழியையும் மலை மேல் போடாதீர்கள். என் சந்தேகம் மூன்று பேர் மேல்: இதயம், ரத்தம், உங்கள் கைக்கடிகாரம். கடைசி ஆள்தான் குற்றவாளி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விசாரணையை முதல் ஆளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், மருத்துவத்தில் அதைத் தனியான அபாயக் காரணியாகவே எழுதி வைப்போம். போதாக்குறைக்கு நம் தெற்காசிய மக்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வருகிறது. அதோடு, உழைக்கும்போது மட்டும் வருகிற மூச்சு முட்டல் சிலருக்கு நெஞ்சுவலிக்குப் பதிலாக இதயம் அனுப்பும் தந்தி. உயரமான ஊரில் வசிப்பதில் இதுதான் சிக்கல், எதற்கும் சாக்குச் சொல்ல உயரம் தயாராக நிற்கும்.

எனவே லேவாவுக்குப் பணம் கட்டும் முன் ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், ஈசிஜி, எக்கோ, டிரெட்மில்லில் ஓட வைத்துப் பார்க்கும் டிஎம்டி, கொழுப்பு அளவுகள், மூன்று மாதச் சர்க்கரை. கொழுப்புப் பரிசோதனை செய்யும்போது லிப்போபுரோட்டீன் ஏ என்பதையும் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அது பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். முடிவு வரும்வரை ஓட வேண்டாம், சாதாரணமாக நடங்கள்.

டிஎம்டி நன்றாக வந்துவிட்டால் அது ஆயுள் காப்பீடு ஆகிவிடாது. ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு இருந்தால்தான் அதில் தெரியும் வாய்ப்பு அதிகம், சின்னச் சின்னப் படிவுகள் தப்பிவிடும். அதனால் அறிக்கை கையில் இருந்தாலும், ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ இடது கையிலோ இழுப்பு, தலை கிறுகிறுப்பு, படபடப்பு இதில் எது வந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். 'இன்னும் அரை கிலோமீட்டர்தானே' என்று முடித்துவிட்டு வந்தவர்களை நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். மனைவியின் மீதிப் பாதிக்கு என் பதில், பரிசோதனைகள் சரியாக இருந்தால் ஓடுவது உங்கள் இதயத்துக்கு நல்லதுதான். வேண்டுமானால் இந்தப் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

அடுத்து ரத்தம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபெரிட்டினும் பி12ம் வேண்டும். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் இரும்பின் இருப்புக் கணக்கு. உங்கள் தொழிலிலேயே சொன்னால், ஹீமோகுளோபின் கல்லாவில் இருக்கும் பணம், ஃபெரிட்டின் வங்கி இருப்பு. வங்கி காலியான பிறகும் கல்லாவில் கொஞ்ச நாள் பணம் புழங்கும். உயரத்துக்குப் போன உடம்பு புதிதாகச் சிவப்பணு செய்ய இந்த இருப்பிலிருந்துதான் இரும்பை எடுக்கிறது. இருப்பு குறைவாக இருக்கும் ஒருவர் பத்து மாதம் இல்லை, பத்து வருடம் இருந்தாலும் உயரத்துக்குச் சரியாகப் பழக மாட்டார். முட்டையும் சேர்க்காத சைவர் என்பதால் எனக்கு இதில் சந்தேகம் கொஞ்சம் கூடுதல். எண் தெரியாமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம், தேவைக்கு மேல் சேர்ந்தால் அதுவும் உறுப்புகளைக் கெடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நைரோபி சைவர்களுக்கு நல்ல ஊர். சுக்குமா விக்கி என்று கட்டுக்கட்டாக விற்கிறார்களே அந்தக் கீரை, ந்டெங்கு என்று அவர்கள் சொல்லும் நம் பச்சைப்பயறு, மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரி, எல்லாம் ஓட்டக்காரருக்கு ஏற்றவை. விம்பி மாவு என்று கடையில் இருப்பது வேறொன்றும் இல்லை, நம் கேழ்வரகுதான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்த தானியம் அது. அங்கே அதை ஊஜி என்று கஞ்சியாகக் காய்ச்சுகிறார்கள். ஆனால் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். கென்யாவில் பாலும் தேயிலையும் சேர்த்துக் கொதிக்க வைத்த சாய் இல்லாமல் எந்தச் சாப்பாடும் முடியாது, நம் ஆட்களுக்கோ அது கேட்கவே வேண்டாம். டீ, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பயறிலும் கீரையிலும் எலுமிச்சை பிழியுங்கள்.

சரி, கைக்கடிகாரத்துக்கு வருவோம். 2 மணி 15 நிமிடத்தில் அரை மாரத்தான் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 நொடி. அது நீங்கள் சென்னையில் பந்தய நாளன்று, கூட்டமும் கைதட்டலுமாக, உயிரைக் கொடுத்து ஓடிய வேகம். இப்போது குன்னூர் உயரத்தில், நைரோபியின் ஏற்ற இறக்கத்தில், தினமும் காலையில் அதைவிட 4 நொடி வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். மூச்சு முட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் அங்கே இருந்தபோது ஒருமுறை இட்டெனுக்குப் போயிருந்தேன். ஊர் வாசலில் 'சாம்பியன்களின் வீடு' என்று எழுதிய வளைவு நிற்கும். சுமார் 2,400 மீட்டர், ஊட்டியைவிட உயரம். விடியற்காலை ஆறு மணிக்குச் செம்மண் சாலையில் இருபது பேர் கூட்டமாக வந்தார்கள். குளிருக்குக் கையை ஜாக்கெட்டுக்குள் இழுத்துக்கொண்டு, காலைத் தரையோடு தேய்த்துக்கொண்டு, பேசிச் சிரித்தபடி வந்தார்கள். பெட்டிக்கடைக்குப் பால் வாங்கப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. சர்வதேச மாரத்தான்களில் ஓடுகிறவர்கள் அவர்கள் என்று கூட வந்தவர் சொன்னபோது நான் நம்பவில்லை. முதல் இரண்டு கிலோமீட்டர் நானே அவர்களோடு போயிருக்கலாம். கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2022ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 நொடியில் ஓடினாரே, அது கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 நொடி. அந்த மாதிரி வேகத்துக்கு ஆசைப்படுகிற நாட்டில், சுலபமான நாளில் எப்படித் தொடங்குகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். 'போலே போலே' என்பார்கள், மெள்ள மெள்ள என்று அர்த்தம். அலுவலகத்திலும் அந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும், அநேகமாக நீங்கள் கோப்பைக் கேட்கும்போதெல்லாம்.

கடிகாரத்தை ஆறு வாரம் மேசை இழுப்பறையில் வையுங்கள். அதற்குப் பதில் ஓடிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'பதின்மூன்று ஐந்து அறுபத்தைந்து, பதின்மூன்று ஆறு எழுபத்தெட்டு' என்று இரண்டு வரி தடையில்லாமல் வந்தால் வேகம் சரி. நடுவில் மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம், நடங்கள். மூச்சு சமமானதும் மறுபடி ஓடுங்கள். ஏற்றம் வந்தால் யோசிக்காமல் நடங்கள். பிற்பாடு கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் ஏழரை நிமிடமோ எட்டு நிமிடமோ காட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த வேகத்தில்தான் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும், கொழுப்பை எரித்து ஓடும் திறன் வரும். தினமும் மூச்சு முட்ட ஓடினால் களைப்பு சேரும், திறன் சேராது.

தினமும் ஓடுவதும் வேண்டாம். வாரத்தில் நான்கு நாள் போதும், அதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். இரண்டு நாள் தொடைக்கும் கெண்டைக்காலுக்குமான வலுப்பயிற்சி. மாடிப்படி, உட்கார்ந்து எழுவது, இவையே போதும். நீண்ட ஓட்டத்துக்குக் கருரா காட்டைவிட நல்ல இடம் நைரோபியில் எனக்குத் தெரியாது. நோபல் பரிசு பெற்ற சூழலியலாளர் வங்காரி மாத்தாய் அடிவாங்கியும் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்த காடு அது. மண் பாதை முழங்காலுக்கு இதம், மட்டாட்டு என்னும் மினிபஸ்களின் புகை கிடையாது. நைரோபியில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஆறரைக்குத்தான் விடியும். அதற்கு முன் இருட்டில் தனியாகச் சாலையில் ஓடாதீர்கள். மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம், செம்மண் பாதை வெண்ணெய் மாதிரி வழுக்கும். அந்த மாதங்களில் ஒரு வாரம் ஓட்டம் தவறினால் தவறட்டும்.

இப்போது லேவா. பெயர் கொடுங்கள், ஆனால் அரை மாரத்தானுக்கு.

காரணம் சொல்கிறேன். அது சாலைப் பந்தயம் இல்லை. கென்ய மலைக்கு வடக்கே, காண்டாமிருகங்களைப் பாதுகாக்கும் வனப்பகுதிக்குள் 2000ம் ஆண்டிலிருந்து நடப்பது. ஓடுகிறவர்கள் பக்கம் யானையும் சிங்கமும் வராமல் ஆயுதம் ஏந்திய வனக்காவலர்கள் காவல் நிற்க, மேலே ஹெலிகாப்டர் சுற்றும். உயரம் நைரோபியை ஒட்டித்தான், சுமார் 1,700 மீட்டர். பாதையோ புழுதியும் கல்லும் ஏற்ற இறக்கமும். ஒரு சுற்று 21 கிலோமீட்டர். முழு மாரத்தான் ஓடுகிறவர்கள் அதே சுற்றை இரண்டாவது முறை ஓட வேண்டும். முதல் சுற்று காலைக் குளிரில் போய்விடும். இரண்டாவது சுற்றுக்கு நிழல் இருக்காது, வெயில் ஏறிவிடும், உடன் ஓடியவர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றோடு முடித்துப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏற்கெனவே நாலைந்து மாரத்தான் ஓடியவர்களே அந்த இடத்தில் தடுமாறுவார்கள். முதல் முழு மாரத்தானை அங்கே வைத்துக்கொள்வது, நீச்சல் பழக ஆற்று வெள்ளத்தைத் தேர்ந்தெடுப்பது மாதிரி.

42 கிலோமீட்டர் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜூனில் அரை மாரத்தான் நல்லபடியாக முடிந்தால், அக்டோபர் வாக்கில் நைரோபியிலேயே நடக்கும் மாரத்தானைக் குறி வையுங்கள். தார்ச்சாலை, வீட்டுப் பக்கம், வழியில் முடியாவிட்டால் டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகலாம். லேவாவில் அது நடக்காது. இன்னும் கொஞ்சம் பொறுத்து ஜனவரியில் ஊருக்கு வந்து சென்னையில் ஓடலாம் என்றும் தோன்றலாம். மூச்சு அங்கே சுலபமாக இருக்கும், வியர்வைதான் பழி வாங்கும். நைரோபிக் குளிரில் உடம்பு சென்னைப் புழுக்கத்தை மறந்திருக்கும், மறுபடி பழகப் பத்துப் பதினான்கு நாளாவது வேண்டும். லீவு அவ்வளவு கிடைக்குமா?

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் வேண்டாம். 'வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் மூளை வீங்கும். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985லேயே, நெடுந்தூரப் பந்தயங்களில் இப்படி விழுந்த நான்கு பேரைப் பற்றி எழுதினார். அப்போது பலர் பொருட்படுத்தவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். குடிக்க நிறைய நேரம் இருக்கிறதே! அதாவது உங்களுக்கும் எனக்கும். அப்புறம், பந்தயத்துக்கு முன்போ நடுவிலோ இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் கூடவே கூடாது. நீர் வற்றிய சிறுநீரகத்தை அவை மேலும் நோகடிக்கும்.

மலேரியாவுக்கு: உயரமும் குளிரும் காரணமாக நைரோபியில் அபாயம் குறைவு, அங்கே வசிப்பவர்கள் வழக்கமாகத் தடுப்பு மாத்திரை போடுவதில்லை. மொம்பாசாக் கடற்கரைக்கோ விக்டோரியா ஏரிப் பக்கம் கிசுமுவுக்கோ போகும்போதுதான் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். தீபாவளி விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போனேன். நாலு நாள்தானே என்று மாத்திரை எடுக்கவில்லை. திரும்பி வந்த பதினோராவது நாள் உடம்பெல்லாம் வலி, லேசான குளிர். முந்தின நாள் 18 கிலோமீட்டர் ஓடியிருந்தேன், அந்த வலிதான் என்று நானே தீர்மானித்து, தசை இளகட்டும் என்று மறுநாளும் ஓடினேன். ராத்திரி 104 டிகிரி. பால்சிபாரம் மலேரியா, இருப்பதிலேயே ஆபத்தான வகை. ஒரு மருத்துவருக்கே இப்படி என்றால் கணக்காளர் எம்மாத்திரம்? கடற்கரையோ ஏரிப் பக்கமோ போய் வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் உடம்பு சுட்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகு வந்தாலும் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் காய்ச்சலோடு ஓடக் கூடாது, வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் பிடிக்கும்.

பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். ஃபெரிட்டின் எண்ணை மறக்காமல் குறிப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. லேவாவில் பந்தயம் சனிக்கிழமை காலை, முதல் நாள் இரவு பெரும்பாலோர் அங்கேயே கூடாரத்தில்தான் தங்குவார்கள். கிடைக்கிற சாப்பாடு உங்கள் வயிற்றுக்குப் பழக்கமில்லாததாக இருக்கலாம். ஓடும் நாள் காலையில் இட்லியைப் போல வயிற்றைத் தொந்தரவு செய்யாத உணவு எனக்குத் தெரிந்து வேறில்லை. பொடியும் கொஞ்சம் நல்லெண்ணெயும் தடவி ஆறு இட்லி எடுத்துப் போங்கள், சாம்பார், சட்னி எல்லாம் வேண்டாம். பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு நான்கு போதும். மீதி இரண்டு, ஓடி முடித்த பிறகு. வெள்ளிக்கிழமை கிளம்பும் முன் அவிக்க வேண்டும் என்பதால் மாவைப் புதன்கிழமை இரவே அரைத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லை, நீங்களே அரையுங்கள். ஜூன் மாத நைரோபிக் குளிரில் அது பொங்கி வர ஒரு முழு நாள் எடுக்கும்.